வாசலுக்கு வெளியே ஒரு கதிரை

1

நேற்று மாலை, எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற ஊலா என்ற பெரியவர் வந்து மணியடித்தார். கையில் தொப்பி, முகத்தில் தயக்கம். படிக்கட்டில் எந்தப் பொருளும் வைக்கக்கூடாது, நெருப்புப் பிடித்தால் ஓடுகிறவர்களின் காலில் இடறும் என்று, எனக்கு விளங்க வேண்டுமென்பதற்காக நோர்வேஜிய மொழியை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார். அவர் காட்டிய இடத்தில், குசினியில் நாங்கள் இருந்து சாப்பிடுகிற கதிரை ஒன்று, கதவுக்கு வெளியே, சுவரோடு சேர்ந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை போட்டது. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மறக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்க மனம் வரவில்லை.

“யாருடைய கதிரை இது?” என்று கேட்டார்.

என் நோர்வேஜிய மொழி கடைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் போதும். இந்தக் கேள்விக்குப் போதாது. நாளைக்கு எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்தியபின், அந்த மனிதருக்கு ஒரு ஒழுங்கான பதில் சொல்லாமல் விட்டேனே என்று இரவுச் சாப்பாடு வரை யோசித்தேன். அவருக்குச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு அரைவாசி சொன்னாலே விளங்கும்.

போன ஞாயிறு என் மகள் மரீனாவுக்கு முதல்நன்மை, கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அன்று வீட்டுக்கு வருவேன் என்று அவளுடைய அப்பா ஒரு மாதத்துக்கு முன்பே ஆட்களிடம் சொல்லியனுப்பியிருந்தார். அவரை விட்டுப் பிரிந்து நானும் பிள்ளையும் இருக்கிற வீடு இது. அவர் கையை நான் அறிவேன். அவர் நாக்கையும் அறிவேன். ஆனால் இந்த முறை நான் அதிகம் பயந்தது என்னுடைய வாய்க்குத்தான். கதவைத் திறந்ததும் “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்று அது தன்பாட்டில் சொல்லிவிடும். உள்ளே வந்து இருந்துவிட்டால் அவர் எழும்பமாட்டார். எழும்பச் சொல்ல எனக்குத் தெரியாது. பிறகு பழைய வாழ்க்கையும் அவரோடு உள்ளே வந்து இருந்துவிடும்.

2

அவருடைய குடியையும் அடியையும் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கல்யாணம் முடித்த முதல் மாரியிலேயே தொடங்கியது. இங்கே மாரியென்றால் குளிர்காலம், நீளம். யன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள், சத்தம் வெளியே போகாது. அவ்வளவு போதும்.

மரீனா பாலர் பாடசாலைக்குப் போன காலத்தில் ஒருநாள், அவள் பொம்மையைச் சுவரோடு நிறுத்தி விரலை ஆட்டி, “உனக்கு எத்தினை தரம் சொல்றது” என்று தமிழில் கத்தியிருக்கிறாள். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விரலைத் தெரிந்திருக்கிறது. பிள்ளையைக் கூப்பிடப் போன என்னைத் தனியே இருத்தி, இந்த நகரத்தில் பெண்களுக்கென்று ஒரு அடைக்கல வீடு இருக்கிறது, பிள்ளையோடு போகலாம், காசில்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை என்று சொன்னார். நான் “எங்கட வீட்டில அப்படி ஒண்டுமில்லை” என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அந்த வீட்டுக்குப் போகிற பஸ்ஸின் இலக்கத்தை மட்டும் சொன்னார்.

ஒரு கிழமை யோசித்தேன். பிறகு போவதென்று முடிவெடுத்தேன். வீட்டை விட்டு ஓடுகிறவள் உடுப்பை அடுக்குவாள், பத்திரங்களை எடுப்பாள் என்று நினைப்பீர்கள். நான் முதல் நாள் முழுக்கச் சமைத்தேன். மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஆறவிட்டுப் பெட்டிகளில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினேன். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபின் பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இறங்கின இடத்தில் ஒரு கடை இருந்தது. உள்ளே போய் ஒரு பெட்டி பிஸ்கற் வாங்கினேன். முதன்முதல் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது?

கதவைத் திறந்தவர் இங்கர். அங்கே வேலை செய்கிறவர், ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பிஸ்கற் பெட்டியுமாக நின்ற என்னைப் பார்த்தார். பெட்டியை நீட்டினேன். வாங்கினார். உள்ளே இருத்தி, கோப்பி ஊற்றி, அந்தப் பிஸ்கற்றையே தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்து, தானும் ஒன்று எடுத்துக் கடித்தார்.

“இத்தனை வருடத்தில் இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள் நீ ஒருத்திதான்” என்றார்.

பின்னேரம் அவரிடம் போய், தொலைபேசி எடுக்கலாமா என்று கேட்டேன்.

“யாருக்கு?”

“வீட்டுக்கு. பால்கறியை முதல் சாப்பிடச் சொல்ல மறந்துவிட்டேன். நாளைக்கு வைத்தால் பழுதாகிவிடும்.”

இங்கர் கையில் இருந்த பேனையை மூடி வைத்தார். “அவருக்கு மூக்கு இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது.”

“அப்படியானால் கண்டுபிடிப்பார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாட்களின் பின் வந்த சிரிப்பு, நிறுத்தத் தெரியவில்லை. அது அடங்கினபின் அவர் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு, “இப்போது உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அப்போதுதான் அழுதேன். அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. ஊரில், மன்னாரில், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, எத்தனையோ பெண்களிடம் நான் கேட்ட கேள்வி. இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

3

மன்னாரில் நான் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். சோதனை முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம். சண்டை நடந்துகொண்டிருந்தது. மன்னார்த் தீவை விட்டு வெளியே போக ஆமியின் பாஸ் வேண்டும், மண்ணெண்ணெய்க்கு வரிசை, பள்ளிக்கூடங்களில் பாதி அகதிச் சனம். மன்னார் ரவுணில் சில பெண்கள் சேர்ந்து ஒரு பழைய வீட்டில் பெண்களுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார்கள். புருசனிடம் அடி வாங்கின பெண்கள் வந்து கதைக்கலாம், சில நாட்கள் தங்கலாம். எனக்கு அங்கே வேலை கிடைத்தது. “கூடப் போறது” என்று அந்த வேலைக்குப் பெயர். பொலிசுக்குப் போகிற பெண்ணோடு கூடப் போவது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, நிவாரண அட்டையைத் தன் பெயரில் பிரித்து எடுக்கக் கந்தோருக்குக் கூடப் போவது. நாங்கள் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பக்கத்தில் இருப்போம். ஒரு பெண் தனியே போனால் நாளைக்கு வா என்பார்கள். இரண்டு பேர் போனால் இருங்கோ என்பார்கள். அதுதான் வித்தியாசம்.

அந்த வீட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. வருகிறவருக்கு முதலில் தேத்தண்ணி. ஏன் அடிச்சவர் என்று கேட்கக்கூடாது. “உங்களுக்கு என்ன வேணும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வாயை மூடுவதுதான் எனக்குக் கஷ்டம். எனக்குப் பதில் சொல்லிக்கொடுக்கத்தான் தெரியும். வகுப்பில் அப்படித்தான் வளர்ந்தேன்.

ரெஜினா அக்கா விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பேசாலைப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தார். கருவாடு காயவைப்பது அவர். அதைக் கொண்டுபோய் நானாட்டான் பக்கத்து வயல்காரருக்கு விற்பது புருசன். வரும்போது காசு இருக்காது, குடிவெறி இருக்கும். இடது கையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்த ரெஜினா அக்காவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு சொன்னார்.

“ஒரு சைக்கிள்.”

எங்களிடம் இருந்தவை தையல் மெசின்கள். உதவி கொடுக்கிறவர்கள் எல்லாரும் தையல் மெசின்தான் கொடுத்தார்கள். உலகத்தில் அடி வாங்குகிற பெண்கள் எல்லாருக்கும் தைக்க வரும் என்று யாரோ எங்கேயோ முடிவுசெய்திருக்கிறார்கள்.

“தையல் மெசின் தரலாம் அக்கா. பழக்கியும் விடுவம்” என்றேன்.

“எனக்கு ஊசியில நூல் கோக்கிறதுக்கே கண் தெரியாது. மெசினைத் தந்தியெண்டால் அவர் வித்துக் குடிப்பார். சைக்கிளெண்டால் நான் அதில ஏறிப் போயிடுவன். ஓடுற சாமானை அவரால பிடிக்கேலாது.”

“அக்காவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?”

“இல்லை. அதுக்குத்தானே நீ இருக்கிறாய்.”

இல்லத்துப் பெண்கள் எங்கேயோ அலைந்து ஒரு பழைய சைக்கிள் எடுத்துக் கொடுத்தார்கள். கை சுகமானதும் பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரங்களில் பழகினோம். அவர் மிதிக்க, நான் பின் கரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். ரெஜினா அக்கா ஒவ்வொரு முறையும் என் பக்கமே சரிந்து விழுவார். நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். மைதான மதிலில் இருந்த பெடியளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“அக்கா, மீனுக்கும் இப்பிடித்தான் விழுந்து விழுந்தோ வலை போடுறனியள்?” என்று ஒருத்தன் கேட்டான்.

“உன்ர கொப்பர் இதைவிட விழுவார் தம்பி. அவர் சைக்கிள் இல்லாமலே விழுவார்” என்றார் ரெஜினா அக்கா, மண்ணில் இருந்தபடி.

நாலைந்து பின்னேரம் கழித்து, என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: “விடடி பிள்ளை. நீ பிடிச்சு இழுக்கிறதாலதான் நான் விழுறன்.” விட்டேன். போனார். திருப்பத் தெரியாமல் மதில் வரைக்கும் போய், காலை ஊன்றி நின்று, அங்கிருந்து சிரித்தார்.

பிறகு பாஸ் எடுத்து, பாலத்துக்கு அப்பால் தள்ளாடி என்ற இடத்தில் இருந்த சோதனைச் சாவடியைத் தாண்டி அவரே கருவாடு கொண்டு போனார். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற ஊர்களில் காசுக்குப் பதில் நெல்லும் வாங்கினார். சாவடியில் மற்றவர்கள் வெயிலில் நிற்க, ஆமிக்காரன் இவருடைய பெட்டியைத் தடியால் ஒருதரம் கிளறிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லிவிடுவானாம்.

“இனித் திருக்கைக் கருவாடுதான் மேல போடோணும். இன்னும் கெதியா விடுவாங்கள்” என்பார்.

4

ரெஜினா அக்கா இல்லத்தில் தங்கியிருந்த நாட்களில், அவர் புருசன் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் வாசல் படலைக்கு வந்துவிடுவார். பொம்பிளையளைப் பிரிச்சு வைக்கிறீங்கள் என்று முதலில் ஏசுவார். அதை நாங்கள் காதில் எடுப்பதில்லை. அவருக்கு அது விளங்கியதும் வேறு ஒன்றைப் பிடித்தார்.

“கட்டின மனுசன் வந்து வெயிலுக்க நிக்கிறன். இருங்கோ எண்டு சொல்ல ஒரு ஆளில்லை. படிச்ச பொம்பிளையளின்ர மரியாதை இதுதானோ?”

இது எங்களுக்குச் சுட்டது. பூசைக்குப் போய் வருகிற சனம் முழுக்க நின்று பார்த்தது. படலையில் நிற்கிற மனிதரை வா என்று சொல்லாமல் விடுவது எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. இல்லத்தில் ஒருவர் பங்குச் சுவாமியைக் கூப்பிடுவோம் என்றார். சுவாமி ஏற்கெனவே இரண்டு தரம் இருவரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கைபிடித்துக் கொடுத்தவர். இன்னொருவர் பேசாமல் உள்ளே போவோம் என்றார். என் கை தானாகப் படலைக் கொழுக்கியில் இருந்தது. சும்மா விறாந்தையில் இருத்திவிட்டு அனுப்பிவிடலாமே என்று நினைத்தேன்.

ரெஜினா அக்கா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, படலையைத் திறந்து வெளியே போய், வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டார்.

“இருங்கோ” என்றார். “தேத்தண்ணி கொண்டு வாறன்.”

கொண்டுவந்தார். அந்த நாளில் சீனி கிடையாத சாமான், என்றாலும் நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் கொஞ்சம் கொடுத்தார். பிறகு படலைக்கு உள்ளே வந்து கொழுக்கியைப் போட்டார். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

“கதைக்கிறதெண்டால் அங்க இருந்து கதையுங்கோ. உள்ளுக்கு வாறதில்லை.”

அந்த மனிதர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். கையில் கொதிக்கிற தேத்தண்ணியோடு ஒருவரால் கத்த முடியாது. ஊதிக் குடிக்கத்தான் முடியும். தெருவில் போன ஒருவர், “என்ன மாப்பிள்ளை, மாமியார் வீட்டு விருந்தோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். சனம் சிரித்துக் கலைந்தது. அவர் குடித்து முடித்து, கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் கதிரை. அதற்கடுத்ததும். பிறகு அவர் வருவதைக் குறைத்து, வராமலே விட்டார். திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எனக்குத் தெரியாது. ரெஜினா அக்கா ஒரு அறை எடுத்துத் தனியே போனார் என்பது மட்டும் தெரியும். வேறு புருசன்மார் வந்தபோதும் இல்லத்தில் அந்தக் கதிரை வெளியே போனது. “வெளிக்கதிரை” என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

“மரியாதை குடுக்கலாம் பிள்ளை. வீட்டைக் குடுக்கேலாது” என்று ரெஜினா அக்கா ஒருநாள் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டே சொன்னார். கல்யாணம் பேசி வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்த நான், கயிற்றைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, இது எனக்குத் தேவைப்படாத புத்தி என்று நினைத்தேன்.

5

இங்கே அடைக்கல வீட்டில் இருந்தபோது, அப்படி ஒரு இல்லத்தில் வேலை செய்த எனக்கே இது நடந்ததே என்று வெட்கத்தால் கூனிப்போனேன். இங்கர் சொன்னார், போன வருடம் இங்கே தங்கினவர்களில் ஒரு பொலிஸ்காரியும் இருந்தாள் என்று. அதன்பிறகு கொஞ்சம் நிமிர்ந்தேன்.

ஆனாலும் என் பழக்கம் போகவில்லை. அந்த வீட்டின் குசினியை ஒருநாளைக்கு மூன்று தரம் துடைத்தேன். எல்லாருக்கும் சமைத்தேன். கடைசியில் இங்கர், ஒரு நாளைக்காவது வேறொருத்தி சமைத்ததைச் சாப்பிடு, அதுவும் இங்கே ஒரு வேலைதான் என்று சொன்னார். ஒரு நாள் முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த நாள்தான் அவருடைய கேள்விக்குப் பதில் வந்தது.

“ஒரு கதவு வேணும். அதின்ர திறப்பு என்னட்ட இருக்கோணும்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு கதவு, சாவி என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அந்தக் கதவுக்கு வர எத்தனை கந்தோர். இங்கே போனதும் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். பிரிவுக்கு ஒரு கந்தோர், வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. இங்கரிடம் எல்லாவற்றையும் நீங்களே கதையுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் கூட வந்தார். பக்கத்தில் இருந்தார். என் இலக்கம் வந்ததும் முழங்கையால் இடித்தார். அவர்களின் மொழியில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே “நீ”தான். கந்தோர் அதிகாரியை “நீ” என்று கூப்பிட என் நாக்குக் கூசும். கூசிக் கூசியே கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கினேன்.

இப்போது மரீனாவும் நானும் இந்த மூன்றாம் மாடி வீட்டில். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மரீனா அப்பாவைச் சனிக்கிழமைகளில் குடும்பக் கந்தோர் ஒன்றில், அங்கே வேலை செய்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கிறாள். அவள் கனவு காண்பது நோர்வேஜிய மொழியில். தூக்கத்தில் கதைப்பதை வைத்துக் கண்டுபிடித்தேன். என்னோடு தமிழில் தொடங்கி நடுவில் மாறிவிடுவாள். அதையும் நினைத்துக் கவலைப்படுகிறேன். கவலைப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணங்கள் தேவையில்லை.

முதல்நன்மைக்கு நாள் குறித்ததும் செய்தி வந்தது. தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் மூலம்: “அவர் குடியை விட்டிட்டார். அண்டைக்கு வீட்டை வாறாராம்.” மன்னாரில் இருந்து அம்மாவும் தொலைபேசிக் கடைக்கு வந்து எடுத்தார். பேச்சுவார்த்தைக் காலம் என்பதால் தீவுப் பாலத்தில் இப்போது சோதனை குறைவாம். அதைச் சொல்லிவிட்டு விசயத்துக்கு வந்தார்.

“பிள்ளைக்கு முதல்நன்மை. தேப்பன் வாசலில வந்து நிண்டால் ஊர் என்ன சொல்லும்? ஒருநாளைக்கு உள்ளுக்கு எடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?”

ஒருவேளை அம்மா சொல்வது சரியோ. ஒருவேளை அவர் உண்மையாகவே விட்டுவிட்டாரோ. பாத்திரம் கழுவும்போது ஒரு பக்கமும், துடைக்கும்போது மறு பக்கமுமாக யோசித்தேன். முடிவில் இங்கரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து, “கோயிலுக்கு அவர் வரட்டும். அது எல்லாருக்கும் பொது. வீட்டைப் பற்றி உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

“வீட்டுக்குள் வரக்கூடாது.”

“சரி. சொல்லிப் பழகுவோம். நான்தான் அவர்.” வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணியடித்தார்.

திறந்தேன். “வாங்கோ” என்றேன்.

மறுபடியும் போனார். மணியடித்தார். திறந்தேன். “வாங்கோ.”

மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு திறந்தேன். வாய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கால் விலகி வழிவிட்டது, கை உள்ளே காட்டியது. சோபாவில் இருந்த மரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, ‘நை’ எண்டு சொல்லுங்கோ, இல்லை எண்டு. ஈசி.” எழும்பி வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து, இங்கரின் முகத்துக்கு “நை” என்று சொல்லி அடித்துச் சாத்தினாள். இங்கர் வெளியே நின்று கைதட்டினார்.

எனக்கு அது வராது. உள்ளே வந்த இங்கரிடம் சொன்னேன், வாசலில் ஒரு ஆளை நிற்கவைத்தால், அவர் என்ன செய்தவராக இருந்தாலும், அந்த நேரத்தில் பிழை என்னுடையதாகிவிடுகிறது என்று. இங்கர் விளங்காமல் தலையாட்டினார். பிறகு கேட்டார்: “அப்படியானால் உங்கள் ஊர் இல்லத்தில் என்ன செய்தீர்கள்? அங்கேயும் புருசன்மார் வந்திருப்பார்களே.”

நான் குசினிக்குள் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

6

கோயிலில் மரீனா வெள்ளைச் சட்டையோடும் மெழுகுதிரியோடும் நடந்து போனபோது ஒரு பக்கம் நான் மட்டும் நடந்தேன். அவளுடைய அப்பா பின்வரிசை வாங்கில் இருந்தார். அவள் திரும்பிக் கையசைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் ரோல்ஸ், கட்லற், கேக். இங்கரும் தமிழ்ப் பூசையில் பழக்கமான இரண்டு அன்ரிமாரும் வந்திருந்தார்கள். கதிரை காலையிலேயே வெளியே போய்விட்டது. அவர் கத்தினால் கதவைச் சாத்துவது, பொலிசைக் கூப்பிடுவது என்று இங்கரோடு பேசி வைத்திருந்தேன். “நீ அவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டியதில்லை, தெரியும்தானே?” என்று இங்கர் இன்னொரு முறை கேட்டார்.

“தெரியும். தேத்தண்ணி எனக்காக. கை சும்மா இருந்தால் உள்ளே கூப்பிட்டுவிடும்.”

மணி அடித்தது. திறந்தேன். கோட்டும் சூட்டும், கையில் ஒரு பார்சல். “வா” வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“இருங்கோ” என்றேன், கதிரையைக் காட்டி.

அவர் கதிரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். “இதென்ன, நான் பிச்சைக்காரனோ?”

“பிச்சைக்காரருக்கு ஆரும் கதிரை போடுறேல்ல. இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்.”

அந்த நேரம் மேல்மாடிக்காரர் நாயோடு படியேறி வந்தார். நாய் மரீனாவின் அப்பாவுடைய சப்பாத்தை மோந்து பார்த்தது. மேல்மாடிக்காரர் முகமன் சொல்லி, நல்ல உடுப்பு என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்குப்பின் நின்றுகொண்டிருக்க இவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். கதிரையில் இருந்தார். கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றிக் கொடுத்தேன். மரீனா கேக் கொண்டுவந்து, “நான் வெட்டினது அப்பா” என்று கொடுத்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று பூசையைப் பற்றிச் சொன்னாள். அவர் பார்சலைக் கொடுத்தார். சின்னச் சிலுவை போட்ட சங்கிலி. அவள் நெற்றியைத் தடவினார். ஊதி ஊதிக் குடித்தார்.

பிறகு என்னைப் பார்த்து, “வீட்டை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்டார். மெதுவாக, முந்தி என்னைப் பெண் பார்க்க வந்தபோது கதைத்த அதே குரலில்.

அந்தக் குரலுக்கு நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. கத்துவதற்குத்தான் ஆயத்தம் செய்திருந்தேன். என் கை கதவு நிலையில் இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

“இல்லை. சனிக்கிழமை கந்தோரில மரீனாவைப் பாருங்கோ. வீடு பாக்கேலாது.”

சொல் சொல்லாக வந்தது. அவர் எழும்பினார். கோப்பை சுவரில் உடையப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். அவர் அதைக் கதிரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தித் திறப்பைத் திருப்பினேன். இங்கர் ஒரு கட்லற்றை என் கையில் வைத்து, சாப்பிடு என்றார்.

“பாவம் மனுசன், வெளியில இருத்திப்போட்டாய்” என்றார் ஒரு அன்ரி.

“பாவம்தான். அதுக்குத்தானே தேத்தண்ணி குடுத்தவள்” என்றார் மற்றவர். “நீ ரோல்சை இஞ்சால நகர்த்து.”

மறுநாள் அம்மா தொலைபேசி எடுத்தார். “வந்தவரை என்ன செய்தனி?”

“கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் கேக்கும் குடுத்தனான் அம்மா.”

“அப்பாடா. எங்க இருத்தினனி?”

“வெளியில.”

அம்மாவின் மூச்சு தொலைபேசிக்குள் இரைந்தது. ஏசப்போகிறார் என்று அதைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்தேன். பிறகு சொன்னார்: “ரெஜினாவின்ர கதிரையோ?” அம்மா சிரிக்கிறார் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “அவள் இப்ப ரெண்டு பொம்பிளையளை வைச்சு யாவாரம் செய்யிறாள். மூண்டு சைக்கிள். காலமையில பாலத்தால போனாளுகள் எண்டால் ரவுண் முழுக்க மணக்கும்.”

இன்று காலை கதிரையை எடுக்கக் கதவைத் திறந்தேன். ஊலா கீழே படி துடைத்துக்கொண்டிருந்தவர், உதவிக்கு ஏறி வந்தார். நானே தூக்கி உள்ளே வைத்தேன். அவர் வாசலில் நின்றார். நேற்றுப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினது நினைவுக்கு வந்தது.

“வாங்கோ” என்றேன். வாய் தன்பாட்டில் சொல்லவில்லை. ஒருமுறை யோசித்து, நான் சொன்னேன். பிறகு அவருடைய மொழியிலும் சொன்னேன்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து அந்தக் கதிரையிலேயே இருந்தார். பால் விடாத பிளேன்ரீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பவும் கேட்டார், இது யாருடைய கதிரை என்று. மரீனா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே, அவளுடைய வழவழப்பான நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள்.

“வெளியே போட்டால் அப்பாவுடையது. உள்ளே இருந்தால் யாரும் இருக்கலாம், அம்மா வாங்கோ சொன்னால்.”

“வாங்கோ” என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். ஊலா விளங்கினதுபோலத் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்.